நிற்கப்போகும் காலமும் நம்ம வீட்டுக் காலண்டரும்



குழுக் கூட்டத்தில் சேமிப்பை எண்ணி, கடன் வசூலை வரவு வைத்து, தீர்மானப் புத்தகத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சில பேச்சுகள் மெதுவாக வெளியே வருகின்றன. "ரெண்டு மாசமா குளிக்கவே இல்ல, இந்த மாசம் என்னடான்னா பத்து நாளா விடாம போவுது" என்பார் ஒரு அக்கா. "எனக்கு ராத்திரியில திடீர்னு உடம்பெல்லாம் தீ மாதிரி எரியுது, ஃபேன் போட்டாலும் அடங்கல" என்பார் இன்னொருவர். "வயசானா அப்படித்தான்" என்று மூன்றாவது ஆள் சொன்னதும் பேச்சு அதோடு முடிந்துவிடும். திருக்கழுக்குன்றம், மதுராந்தகம் பக்கம் நடவுக்கும் களையெடுக்கவும் போகிறவர்களானாலும் சரி, கொக்கிலமேடு, தேவனேரி, பட்டிபுலம் மாதிரி கடலோர ஊர்களில் மீன் கூடை சுமக்கிறவர்களானாலும் சரி, 40 வயதைத் தாண்டிய உறுப்பினர்கள் இருக்கிற எந்தக் குழுவிலும் இந்தப் பேச்சு உண்டு.

சில மாதம் கழித்து அதே பேச்சு வேறு விதமாக வருகிறது. "கர்ப்பப்பையை எடுத்துடணும்னு சொல்லிட்டாங்க, ஆபரேஷனுக்கு உள்கடன் வேணும்."

முதல் பேச்சுக்கும் இரண்டாவது பேச்சுக்கும் நடுவில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியது நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் வயசு மேல் பழி போட்டு விட்டுவிடுவது ஒரு ஆபத்து. யாரோ ஒருமுறை சொன்னதும் பையை எடுத்துவிடுவது இன்னொரு ஆபத்து. இரண்டிலும் மாட்டாமல் இருக்க, நம்ம உடம்பில் நடப்பதை நாமே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். அதைத்தான் இந்த இதழில் பாடமாக எடுத்திருக்கிறோம்.

உள்ளே என்ன நடக்குது?

ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரண்டு சினைப்பைகளிலும் சேர்த்து 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கின்றன. வயசுக்கு வரும்போது அது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும். மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளியே வருவது வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் 400, 500 தான். மீதி எல்லாம் தானாகக் கரைந்து போகிறது. போடுவதே இல்லாமல் எடுத்துக்கொண்டே இருக்கும் பாஸ்புத்தகம் மாதிரி இது. 40 வயதை ஒட்டி இருப்பு நன்றாகக் குறைந்துவிடும்.

இந்தச் சினைப்பைகள்தான் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சுரக்கின்றன. இருப்பு குறையும்போது ஈஸ்ட்ரோஜன் படிப்படியாக, ஒழுங்காகக் குறைந்தால் பரவாயில்லை. அப்படிக் குறைவதில்லை. ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். அதேபோல முட்டை வெளியே வராத மாதத்தில் புரோஜெஸ்டிரான் இருக்காது. அது இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சுவர் உதிராமல் தடித்துக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் மொத்தமாக உதிரும். ரெண்டு மாதம் வராமல் இருந்துவிட்டு மூணாம் மாதம் கொட்டுவது இதனால்தான். நம்ம ஆயாமார் 'பெரும்பாடு' என்று சொன்னது இப்படிப்பட்ட பெரிய போக்கைத்தான்.

கடைசி மாதவிலக்கு வந்து முழுசாக 12 மாதம் ஒரு சொட்டுகூட இல்லாமல் கடந்தால்தான் 'நின்றுவிட்டது' என்று டாக்டர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதை மெனோபாஸ் என்பார்கள். அதற்கு முன்னால் மாற்றங்கள் தொடங்கி, தாறுமாறாக வந்து போகும் காலத்துக்குப் பெயர் பெரிமெனோபாஸ். நாம் இதை 'நிற்கப்போகும் காலம்' என்றே சொல்லுவோம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. மேலை நாடுகளில் 51. நிற்கப்போகும் காலம் பலருக்கு நான்கு வருடம் போல இருக்கும். சிலருக்கு ஒரே வருடத்தில் முடிந்துவிடும், சிலருக்கு எட்டு வருடம்கூட இழுக்கும். ஆகவே 41, 42 வயதில் ஆரம்பித்தால் 'இந்த வயசிலயேவா' என்று பயப்பட வேண்டாம். ஆனால் 40 வயதுக்கு முன்னாலேயே மாதக்கணக்கில் வராமல் போனால் அது வேறு விஷயம். அவசியம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், அதுவும் பெரும்பாலும் இளம் வயதிலேயே. அதனால் 42 வயதில் தொல்லை வந்தால் "அன்னிக்குப் பண்ண ஆபரேஷன்தான் இப்ப வேலையைக் காட்டுது" என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆபரேஷனில் முட்டை வரும் குழாயைத்தான் கட்டுகிறார்கள். சினைப்பையைத் தொடுவதில்லை. ஹார்மோன் அதுபாட்டுக்குச் சுரந்துகொண்டுதான் இருக்கும்.

எதெல்லாம் இதோட அறிகுறி?

முதலில் தெரிவது மாதவிலக்கின் போக்கு மாறுவதுதான். 28 நாளுக்கு ஒருமுறை வந்தது 22 நாளில் வரும், அடுத்தது 40 நாளில் வரும். மூணு நாள் இருந்தது ஆறு நாள் ஆகும், அல்லது ஒரே நாளில் தீட்டுப் பட்டதோடு போய்விடும்.

அடுத்தது உடம்பு எரிச்சல். நெஞ்சிலிருந்து குப்பென்று ஒரு சூடு கிளம்பி, கழுத்து, முகம், காது வரை ஏறும். ரெண்டு மூணு நிமிடம் இருந்து, வேர்த்துக் கொட்டி, பிறகு குளிர்கிற மாதிரி இருக்கும். மூளையில் உடம்புச் சூட்டைச் சரிபார்க்கும் இடம் ஒன்று உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கும்போது அது கொஞ்சச் சூட்டையே பெரிய சூடாக எடுத்துக்கொண்டு, உடம்பை அவசரமாகக் குளிரவைக்கப் பார்க்கிறது. இதுதான் காரணம். காய்ச்சல் இல்லை. கத்திரி வெயிலில் கருவாடு காய வைக்கிற இடத்திலும், செங்கல் சூளையிலும், விறகடுப்புப் பக்கத்திலும் நிற்கிறவர்களுக்கு எது வெயில் சூடு, எது உள்சூடு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்தான். ராத்திரி எல்லாரும் போர்த்திப் படுத்திருக்கும்போது உங்களுக்கு மட்டும் ஜாக்கெட் நனைந்தால் அது உள்சூடு.

ராத்திரி நாலு தடவை இப்படி எழுந்தால் தூக்கம் என்ன ஆகும்? விடியற்காலை படகு கரை சேரும் நேரத்துக்கு மணலில் நிற்க வேண்டிய பெண்ணுக்குத் தூக்கம் கெட்டால் அன்றைக்கு முழுக்கக் கெட்டதுதான். சிடுசிடுப்பு, மறதி, கணக்கில் தடுமாற்றம் எல்லாம் வரும். ஊக்குநர் ஒருவர் சொன்னார்: "பத்து வருஷமா கணக்கு எழுதுறேன், திடீர்னு கூட்டலே வரல, எனக்கு என்னமோ ஆயிடுச்சின்னு பயந்துட்டேன்." புத்தி கெட்டுப்போகவில்லை. இந்தக் காலத்தில் பலருக்கும் இப்படி இருக்கும், பெரும்பாலும் பிறகு சரியாகிவிடும்.

மனசு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். காரணமே இல்லாமல் அழுகை, எரிச்சல், எதிலும் ஆசை இல்லாமை, நெஞ்சு படபடப்பு இதெல்லாம் வந்தால் வீட்டில் "வாய் நீளமாயிடுச்சி" என்கிறார்கள், இல்லையென்றால் காத்து கருப்பு என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். இந்தச் சில வருடங்களில் மனச்சோர்வு வர மற்ற காலத்தைவிட வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். அதே வருடங்களில்தான் பெண்ணுக்குக் கல்யாணம், பையனுக்கு வேலை, மாமியாருக்குப் படுக்கை, கடனுக்குத் தவணை எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தாலோ, செத்துடலாமா என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ தனியாக வைத்துக்கொண்டு புழுங்க வேண்டாம். 104 என்ற எண்ணுக்கோ, மனநலத்துக்கான 14416 என்ற எண்ணுக்கோ போன் செய்து பேசலாம். காசு கிடையாது. தமிழிலேயே பேசுவார்கள்.

மூட்டு வலியும் உடம்பு அசதியும் நம் நாட்டுப் பெண்கள் அதிகமாகச் சொல்லும் தொல்லைகள். வெளிநாட்டுப் புத்தகங்களில் எரிச்சலைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். நம்ம பெண்களிடம் கேட்டால் "காலையில எழுந்தா கை விரலு மடக்க முடியல, முட்டி புடிச்சிக்குது" என்பதுதான் முதலில் வருகிறது.

வெளியில் சொல்லக் கூச்சப்படுவது கீழ்வழிப் பிரச்சினைகள். பிறப்புறுப்பு காய்ந்துபோய் எரிச்சலாக இருக்கும். கணவனோடு சேரும்போது வலிக்கும். "வேணாம்"னு சொன்னால் வீட்டில் சண்டை, சந்தேகம். இது ஆசை குறைந்ததால் மட்டும் வருவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து அந்த இடத்துத் தோல் மெலிந்துபோவதால் வருவது. தடவிக்கொள்ள ஜெல்லும் ஹார்மோன் களிம்பும் உண்டு. டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார்கள். தும்மினால், இருமினால், கூடையைத் தூக்கினால் சொட்டுச் சொட்டாக மூத்திரம் போவது, நீர்க்கடுப்பு அடிக்கடி வருவது இவையும் இதில் சேரும். இதில் நம்ம பக்கத்துக்கென்று ஒரு கஷ்டம் இருக்கிறது. காலையில் கூடையோடு கிளம்பிச் சந்தை, தெரு என்று சுற்றுகிறவர்கள், ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிப்பதில்லை. இந்த வயதில் அது நீர்க்கடுப்பை நிச்சயம் அதிகமாக்கும். மீன் விற்கும் இடத்தில் கழிப்பறை கேட்டு ஊராட்சிக்கு மனு கொடுப்பதும் உடல்நலப் பாடத்தில் ஒரு பகுதிதான் என்பது எங்கள் கருத்து.

இதெல்லாம் எல்லாருக்கும் வருமா? வராது. ஒன்றுமே தெரியாமல் நின்றுபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே "எனக்கெல்லாம் அப்படி எதுவும் இல்லியே, இவ நடிக்கிறா" என்று யாரும் யாரையும் சொல்ல வேண்டாம்.

காலண்டரில் ஒரு வட்டம்

வரவு செலவு எழுதத் தெரிந்த நமக்கு இது புதுசில்லை. கடையில் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று எல்லார் வீட்டிலும் தொங்குகிறது. அமாவாசையும் பால் கணக்கும் குறிக்கிறோம். அதிலேயே மாதவிலக்கு ஆரம்பித்த நாளில் ஒரு வட்டம் போடுங்கள். எத்தனை நாள் இருக்கிறதோ அத்தனை நாளும் ஒரு கோடு. அன்றைக்கு எத்தனை துணி அல்லது நாப்கின் மாற்றினீர்கள் என்று பக்கத்தில் ஒரு எண். கட்டி கட்டியாகப் போனால் 'க'. ராத்திரி எரிச்சலில் எழுந்தால் 'எ'. எழுதத் தெரியாதவர்கள் பெண்ணையோ மருமகளையோ குறிக்கச் சொல்லலாம். புள்ளி வைத்தாலும் போதும்.

மூணு மாதம் குறித்தாலே சில விஷயம் தெரியும். ஒரு வட்டத்திலிருந்து அடுத்த வட்டம் வரை நாட்களை எண்ணுங்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம், அதுவும் அடிக்கடி வந்தால் நிற்கப்போகும் காலம் தொடங்கியிருக்கலாம். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 60 நாளுக்கு மேல் இடைவெளி விழ ஆரம்பித்தால் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம், பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். 45 வயதுக்கு மேல் இந்தக் குறிப்பும் அறிகுறிகளும் இருந்தாலே டாக்டருக்குப் போதும். ஹார்மோன் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. அளவு வாரத்துக்கு வாரம் மாறுவதால் ஒருமுறை எடுத்துப் பார்ப்பதில் பயனும் குறைவு. அந்தக் காசுக்கு ஹீமோகுளோபின், தைராய்டு, சுகர் பார்க்கலாம். தைராய்டு கோளாறும் இதே மாதிரி அசதி, வேர்வை, மாதவிலக்கு மாற்றம் எல்லாம் கொடுக்கும். பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது.

எதை வயசு மேல் போடக் கூடாது?

ஒரு நாப்கினோ துணியோ ஒரு மணி நேரத்துக்குள் நனைந்து, அடுத்ததும் அப்படியே ஆனால் காத்திருக்க வேண்டாம். ஏழு நாளுக்கு மேல் தொடர்ந்து போவது, 21 நாளுக்குள் திரும்பத் திரும்ப வருவது, பெரிய பெரிய கட்டிகள், ஒரு மாதவிலக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் படுவது, தாம்பத்திய உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது, நாற்றத்தோடு அல்லது ரத்தம் கலந்து வெள்ளைப்படுவது, இவை எதுவும் 'வயசு' இல்லை. நார்க்கட்டியாக இருக்கலாம், உள்சுவரில் சதை வளர்ச்சியாக இருக்கலாம், கர்ப்பப்பை வாய்ப் புற்றின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"கெட்ட ரத்தம்தானே, போனா போவட்டும்" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. கெட்ட ரத்தம் என்று ஒன்று தனியாகக் கிடையாது. போவது நம்ம உடம்பில் ஓடுகிற அதே ரத்தம்தான். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏற்கெனவே 9, 10 கிராமில் இருக்கிறவருக்கு மாதம் பத்து நாள் போனால் 6, 7-க்கு இறங்கிவிடும். படியேறினால் மூச்சு வாங்கும், முகம் வீங்கும், இதயத்துக்கே சிரமம். நமக்கு இருக்க வேண்டியது 12.

இன்னொரு எச்சரிக்கை. வேர்த்துக் கொட்டுவதோடு நெஞ்சை அழுத்துகிற மாதிரி, தாடைக்கோ கைக்கோ வலி ஏறுகிற மாதிரி இருந்தால் அதை 'மெனோபாஸ் சூடு' என்று உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாரடைப்பு பெண்களுக்கும் வரும்.

பையை எடுக்கச் சொன்னால்

இதைத்தான் விரிவாகப் பேச நினைத்தோம். மகாராஷ்டிரா மாநிலம் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்ட வருஷா வருஷம் குடும்பத்தோடு வேறு ஊர்களுக்குப் போகிறார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு போகிற வேலை, நம்ம பக்கத்துச் செங்கல் சூளை மாதிரி. மாதவிலக்கு வலியில் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம் பிடிக்கிறார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். 2019-இல் அங்கே அரசு அமைத்த குழு சுமார் 82 ஆயிரம் கரும்பு வெட்டும் பெண்களைப் பற்றி விசாரித்தது. அதில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்துவிட்டிருந்தார்கள். நிறைய பேர் 40 வயதுகூட ஆகாதவர்கள். வெள்ளைப்படுதல், வலி, அதிகப் போக்கு என்று போனவர்களிடம் 'பை கெட்டுப்போச்சு, புற்றாகிவிடும்' என்று பயமுறுத்தப்பட்டதாகப் பலர் சொன்னார்கள்.

இது பீட் மாவட்டத்துக் கதை மட்டும் இல்லை. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கர் மாநிலங்களில் தேவையில்லாமல் செய்யப்பட்ட இதே ஆபரேஷன்களைப் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். மத்திய அரசு 2022-இல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. 2023 ஏப்ரல் 5-ஆம் தேதி தீர்ப்பில், எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் அவற்றை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுக்க எடுத்த குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 3 பேர் பையை எடுத்தவர்கள். அதில் பாதிக்கும் மேல் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை.

பை எடுப்பதே தப்பு என்று நாங்கள் சொல்லவில்லை. புற்றுநோய் என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். மருந்துக்கு அடங்காத பெரிய நார்க்கட்டிக்கும், சில சமயம் கர்ப்பப்பை இறக்கத்துக்கும் எடுக்க வேண்டியிருக்கும். ஆனால் வெறும் வெள்ளைப்படுதலுக்கு எடுக்கத் தேவையில்லை. அதிகப் போக்குக்கு முதலில் மாத்திரை உண்டு. ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, காப்பர்-டி மாதிரியே உள்ளே வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று பல படிகள் இருக்கின்றன. அந்தச் சாதனம் ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்யும். 46 வயதுக்காரருக்கு நிற்கும் காலம் வரை கடந்துபோக அதுவே போதுமானதாக இருக்கலாம். மாதவிலக்கு நின்றுவிட்டால் நார்க்கட்டிகள் பெரும்பாலும் தானாகவே சுருங்கும். இதைச் சொல்லாமல் 'கட்டி இருக்கு, எடுத்துடு' என்று மட்டும் சொன்னால் நமக்குப் பாதி விஷயம்தான் தெரிகிறது.

எடுத்த பிறகு தொல்லை விட்டது என்பதும் முழு உண்மை இல்லை. 35, 38 வயதில் பையோடு சேர்த்துச் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே மெனோபாஸ். எரிச்சல் கடுமையாக வரும். எலும்பு சீக்கிரம் தேயும். இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் சிலருக்குச் சில வருடம் முன்னதாகவே ஹார்மோன் நின்றுவிடும்.

ஆகவே எடுக்கச் சொன்னால் கேளுங்கள். எனக்கு என்ன நோய் என்று பெயர் எழுதித் தாங்க. மருந்தில் பார்க்கலாமா? சினைப்பையையும் எடுப்பீங்களா, ஏன்? தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? 45 வயதுக்கு மேல் போக்கு மாறினால் உள்சுவரிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அது பார்த்தாச்சா? இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஸ்கேன் காகிதத்தையும் காலண்டரையும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, மகளிர் பிரிவில் இன்னொரு கருத்துக் கேட்கலாம். 1965-இல் தொடங்கிய கல்லூரி அது. நம்ம தாலுகாக்களிலிருந்து ஒரே பஸ்ஸிலோ இரண்டு பஸ் மாறியோ போய்விடலாம்.

குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். உள்கடன் கேட்பவரிடம் "இன்னொரு டாக்டரைக் கேட்டியாம்மா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேள்வி மட்டும்தான், நிபந்தனை வேண்டாம். உயிருக்கு அவசரமாக இருக்கும்போது நம்ம கேள்வி தடையாக நிற்கக் கூடாது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம், இரண்டு மாதம் பாரம் தூக்க முடியாது, கூலி கிடையாது, தவணையும் நிற்கும். அந்தக் கணக்கையும் முன்னாலேயே சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நிற்பதற்கு முன்னால் ஒரு பரிசோதனை

30 வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பெண்களும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2007-இல் தஞ்சாவூர், தேனி மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த பரிசோதனை இது. கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரி ஒரு திரவம் தடவி, ஒரு நிமிடம் கழித்து வெள்ளையாக மாறுகிறதா என்று பார்ப்பார்கள். அறுப்பதில்லை, கொஞ்ச நேரம்தான். மாதவிலக்கு நின்ற பிறகு அந்த இடம் உள்ளே சுருங்கிவிடுவதால் இந்தப் பரிசோதனையில் சரியாகத் தெரியாமல் போகலாம். ஆகவே 'எல்லாம் நின்ன பிறகு பார்த்துக்கலாம்' என்று தள்ளாமல் இப்போதே போங்கள். அதே நாளில் மார்பகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பி.பி., சுகரும் பார்த்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலர்களாகச் சேர்ந்தவர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 போல இருக்கிறது. கேழ்வரகுக் கூழும், முருங்கைக்கீரையும், எள்ளும், முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நம்ம ஊரிலேயே கிடைக்கின்றன. கருவாட்டில் சத்து உண்டு, உப்பும் உண்டு. பி.பி. இருப்பவர்கள் அளவாகச் சாப்பிடுங்கள். உணவுக்குப் பின் உடனே டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது, ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எரிச்சல் இருப்பவர்கள் ராத்திரியில் காரத்தையும் காப்பியையும் குறைத்துப் பாருங்கள். நைலக்ஸ் நைட்டியை விட்டுப் பருத்தி உடுத்துங்கள். வெற்றிலை புகையிலையை விடச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறோம்.

உறுப்பினர்கள் கேட்டவை

"இனிமே புள்ள நிக்காது இல்ல?" நிற்கலாம். ஆபரேஷன் செய்யாதவர்களுக்கு, தாறுமாறாக வந்தாலும் ஏதோ ஒரு மாதம் முட்டை வெளியே வரும். 50 வயதுக்கு மேல் என்றால் நின்று ஒரு வருடம் வரையிலும், 50-க்குள் என்றால் இரண்டு வருடம் வரையிலும் கருத்தடை தேவை. நாள் தள்ளிப்போனால் 'நின்னுடுச்சி' என்று முடிவு கட்டாமல் ஒருமுறை மூத்திரப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

"ஹார்மோன் மாத்திரை போட்டா கேன்சர் வருமாமே?" எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. எரிச்சல் தாங்க முடியாதவர்களுக்கு நல்ல பலன் தரும் மருந்து அது. மார்பகப் புற்று வந்தவர்களுக்கும், ரத்தம் உறையும் நோய் உள்ளவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. ஆளைப் பார்த்து டாக்டர்தான் முடிவு செய்வார். மெடிக்கலில் நாமாக வாங்கிப் போடக் கூடாது.

"எனக்கு நின்னு மூணு வருஷம் ஆச்சி. போன மாசம் லேசா பட்டுச்சி. இளமை திரும்புதுன்னு எங்க ஆயா சிரிக்கிறாங்க." இது சிரிக்கிற விஷயம் இல்லை. நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரே ஒரு பொட்டு பட்டாலும் காட்ட வேண்டும். பெரும்பாலும் உள்தோல் மெலிந்ததால்தான் இருக்கும். ஆனால் இப்படி வருகிறவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்று இருக்கிறது. அது ஆரம்பத்திலேயே இப்படி ரத்தமாக அடையாளம் காட்டிவிடுவதால், உடனே போகிறவர்களுக்குக் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்த கூட்டம் வரை வைத்திருக்காமல் இந்த வாரமே போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவிலிருந்து ஒருவர் கூடப் போகட்டும். ஸ்கேன் எடுத்து, உள்சுவர் தடித்திருந்தால் துணுக்குப் பரிசோதனைக்கு இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அந்த நாளையும் காலண்டரில் குறித்து வையுங்கள்.